சாந்து வைக்காத சுவர்

பாக்தாத்,
பெசாக் பண்டிகைக்கு முந்தின வாரம், 1942

சசூன் அப்பாவுக்கு,

நானும் சசூனும் நலம். பம்பாயில் நீங்களும் நலமாக இருக்க ஆண்டவன் அருள்வான். பிள்ளைக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது. நீங்கள் அனுப்பிய மாங்காய் ஊறுகாயில் பாதி தெருவுக்கே போய்விட்டது. திட்டாதீர்கள்.

நம் மாடிச் சுவரில் பக்கத்து வீட்டு மேயிர் இடித்த வழியைப் பண்டிகைக்குள் அடைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஜெப ஆலயத்தில் முன்வரிசை இடத்துக்காக நீங்கள் இருவரும் முகம் திருப்பிக்கொண்டு வருஷக்கணக்காகிறது, எனக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் யூதர் வீடுகளைத் தேடி வந்த கும்பல் நம் வாசல் கதவை உடைத்தபோது நீங்கள் பம்பாயில் இருந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. மாடிக்கு ஓடிய எனக்கும் பிள்ளைக்கும் அதற்குமேல் போக இடமில்லை. அப்போதுதான் மேயிர் அண்ணன் அந்தப் பக்கமிருந்து கடப்பாரையால் சுவரை இடித்தார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். "தங்கச்சி, உன் புருஷன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். அது வேற. பிள்ளைய இப்படிக் குடு."

அப்படியே ஒவ்வொரு மாடிச் சுவராக இடித்துக்கொண்டு, தெருக்கோடியில் கொத்தனார் ஜாசிம் வீட்டில் இறங்கினோம். அவர் முஸ்லிம். "வர்றவன் என்னைத் தாண்டி வரட்டும்" என்று கத்தியோடு வாசலில் நின்றவர் எங்களுக்காக இரண்டு நாள் தூங்கவில்லை.

அதன்பிறகு கொஞ்ச காலம் தெரு முழுக்க ஒரே வீடுதான். ஒருத்தி உலை வைத்தால் இன்னொருத்தி உப்புப் பார்ப்பாள். பிறகு பயம் தணியத் தணிய ஒவ்வொரு வீடாகச் செங்கல் ஏறியது. நம் வரிசையிலேயே இருக்கும் கதூன், "நான் என்ன சமைக்கிறேன்னு ஊருக்கே தெரியுது, போதும்டி" என்று அடைத்தாள். தக்காளி காயவைக்கும் இடத்துக்காக எனக்கும் மேயிர் மனைவி ஹபீபாவுக்குமே பேச்சு நின்று, மறுபடி பேசினோம்.

எனக்கு இது புரியவேயில்லை. அடி விழும்போது மட்டும்தான் நாம் ஒரு குடும்பமா? மேயிர் அண்ணனிடமே கேட்டுவிட்டேன். தாடியைச் சொறிந்துகொண்டு, "ஒரே பெஞ்சுல உக்கார மாட்டோம், துரத்தினா மட்டும் ஒண்ணா ஓடுவோம். ஏன்னு என்னைக் கேக்காத, உன் புருஷன்தானே படிச்சவன்" என்றார்.

உங்கள் சொல்லை மீறவில்லை. நேற்று ஜாசிமைக் கூப்பிட்டேன். செங்கல்லை அடுக்கி, வெளியே மெல்லிசாகப் பூசிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நடுவில் சாந்து எங்கே என்றேன். சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு அவர் சொன்னது: "மேயிர் ஐயா வேணாம்னுட்டாரு. உங்க ஆளுங்க யாருமே சாந்து கேக்கலம்மா. அடைக்கிற ஒவ்வொரு வீட்டுலயும் தனியாக் கூப்பிட்டு, உள்ள சும்மா அடுக்கு, பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாங்கறாங்க."

என்னால் நம்ப முடியவில்லை. கதூன் வீட்டு மாடிக்குப் போய், அவள் அசந்த நேரம் சுவரில் கை வைத்துத் தள்ளினேன். அசைந்தது. பார்த்துவிட்டாள். "உனக்கு என்னடி வேலை இங்க" என்று சண்டைக்கு வந்தவள், அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் அடைத்திருக்கிறோம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும் நாளை யாரும் மறக்கவில்லை.

நம் சுவரும் நீங்கள் கேட்டபடி நிற்கிறது. எந்தச் செங்கல்லை உதைத்தால் சரியும் என்று சசூனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். நானும் அவனோடு சிரித்து வைத்தேன்.

கடலிலும் கரையிலும் ஆண்டவன் உங்களைக் காக்கட்டும். சீக்கிரம் வந்து சேருங்கள். மேயிர் அண்ணன்மேல் உள்ள கோபத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை. அந்தச் சுவருக்கு மட்டும் சாந்து குழைக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் துஃபாஹா