நாற்பது நிமிடத் தூரம்

பிப்ரவரி 9
இன்று ரோடா அக்காவிடம் நான் "சரி" என்று சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. பிரசவத்துக்காக ராங்கின் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கியிருப்பவள், போனில் கேட்டாள்: "இது நாலாவதுடி. என்னால முடியாது. பையனா இருந்தா அப்பா பேருதான். நீ எடுத்துக்கிறியா?" புருவத்தைத் தூக்கினேன். ஆம் என்பதற்கு எங்கள் பனிநாட்டில் யாரும் அதற்கு மேல் மெனக்கெடுவதில்லை. அடுப்பருகே நின்ற அம்மா பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சரிடி, உடம்பப் பாத்துக்கோ." வைத்துவிட்டாள்.

ஏரி உறையும் முன் இறந்துபோன அப்பா, உருகும் முன் தன் பெயரோடு திரும்பி வருகிறார். அவர் பெயரைத் தாங்குகிறவனை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பாவை நானே வளர்ப்பேன்!

பிப்ரவரி 11
அம்மா அமௌட்டி தைக்கிறாள். குழந்தை முதுகோடு உட்கார, பெரிய குல்லாய் வைத்த அங்கி. "ஆடாம நில்லு, தோள அளக்கணும். உங்கப்பன் கனமான ஆளு."

பிப்ரவரி 13
பையன்! உள்ளூர் வானொலியில் சொன்னார்கள். அக்காவைக் கூப்பிட்டேன், தூங்குகிறாளாம். நாளை விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 14
பனிப்புயல். விமானம் இல்லை.

பிப்ரவரி 16
போனும் செத்துவிட்டது. காற்று சற்று ஓய்ந்ததும் விமான நிலையம் போனேன். கவுன்ட்டர்க்காரன் பேசில், "பேக்கர் லேக்ல காத்து மட்டுந்தான் டிக்கெட் வாங்காம பறக்குது. வீட்டுக்குப் போ."
"நாளைக்காவது?"
மூக்கைச் சுருக்கினான். இல்லை.
எங்கள் பேக்கர் லேக்குக்கும் ராங்கினுக்கும் நடுவில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். விமானத்தில் நாற்பது நிமிடம். நான் வேலை பார்க்கும் நூலகத்து உலக உருண்டையில் சுண்டுவிரல் நகத்தை வைத்தால் இரண்டு ஊரும் மறைந்துவிடும்.
பனிவண்டியில் போகட்டுமா என்றேன். அம்மா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 18
ஜன்னல் முழுக்கப் பனி. பகலிலும் விளக்கு. கதவைத் தள்ளினால் அது என்னைத் தள்ளுகிறது. புத்தகத்தில் நேற்றைய பக்கமே. பால் குடிக்கிறானோ இல்லையோ, யாரு தூக்கி வச்சிருக்காங்களோ — இந்த வீட்ட விட்டு வெளிய போக வழியே கெடையாதா?

பிப்ரவரி 20
பறந்தேன். அக்காவின் கட்டிலில் குழந்தை இல்லை.
"நிவியாக் எடுத்துக்கிட்டா. நேத்து." அவள் அத்தானின் பெரியப்பா மகள், இந்த ஊர்தான்.
"எனக்குன்னு சொன்னியேக்கா!"
"நீ என்னடி சொன்ன? கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருந்தேன். வெறும் மூச்சுதான் கேட்டுச்சு. வேணாம்னு சொல்லச் சங்கடப்படுறன்னு நெனச்சேன்."
"புருவத்தத் தூக்குனேனே —"
என் முகத்தையே பார்த்தாள். "போன்லயாடி?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாலையில் நிவியாக் வந்தாள். அவள் குல்லாயில் அவன் தூங்கினான். நின்ற இடத்திலேயே அவள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். ஆடுவது அவளுக்கே தெரியவில்லை.
"திருப்பிக் கேக்கட்டுமா?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.
மூக்கைச் சுருக்கினேன். இந்தமுறை பார்த்தாள்.

பிப்ரவரி 22
வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நாற்பது நிமிடத்தில் பேக்கர் லேக். ஓடுபாதையோரம் நின்ற அம்மா என் அமௌட்டியின் குல்லாயை எட்டிப் பார்த்தாள். என் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

ஏப்ரல் 5
அவனுக்கு அப்பாவின் பெயரையே வைத்தார்கள். ராங்கினில், நிவியாக் வீட்டில் வளர்கிறான்.