மலிக் மீராஜான் கேட்ட காவல்

பாபா, உங்கள் கைகளை முத்தமிட்டு உங்கள் மகன் தோர்யாலை எழுதுகிறேன். நீங்கள் நலமா? அம்மாவின் இருமல் நின்றதா? கார்தேஸ் நகரில் நான் நலம்தான்.

ஆளுநரின் கூட்டங்களுக்குக் குலத்தலைவர்களான மலிக்குகளை அழைத்து வருவதுதான் இப்போது என் வேலை. மலைச்சாலையைக் காக்க ஒவ்வொரு குலமும் இளைஞர்களைத் தர வேண்டும் என்று ஆளுநர் கேட்டார். எல்லாரும் தாடியைத் தடவிக்கொண்டிருக்க, மலிக் மீராஜான் மட்டும் எழுந்தார்.

"பசங்களத் தர்றேன். தாலிபான் வந்து கதவத் தட்டினா என் வீட்டுக்கு யாருய்யா காவல்?"

"நாங்க இருக்கோம், மலிக் சாகிப்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார் ஆளுநர்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்த மலிக்கைத் தாலிபான்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நாங்கள் ஒரு காவலரைக்கூட அனுப்பியிருக்கவில்லை. துக்கம் கேட்க நான்தான் போனேன். அவர் மகன் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரக் கூப்பிடப் போறே?" என்று கேட்டான்.

கவலைப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. குளிர்தான் கடுமை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கம்பளிக் காலுறையும், அம்மா உலர்த்திய மல்பெரியும் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நம் மாவட்டத் தலைவர்களை அழைக்கப் போகிறார்கள், பாபா. நம் குலத்துக்குத் தலைவர் நீங்கள். அழைக்க நானே வந்து வாசலில் நிற்பேன். கூட அதிகாரிகள் இருப்பதால் வற்புறுத்தவும் செய்வேன். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். நான் எவ்வளவு கெஞ்சினாலும் எழுந்து வராதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகன்,
தோர்யாலை