கேம்பேடைச் செருகினால்

மார்ச் 4

தம்பிக்கு,

ஒன்றேகால் வருஷமாக எழுதாதவள் இன்று எழுதுவது நலம் விசாரிக்க அல்ல. உன் ஜெயில் விலாசத்தை வக்கீலிடம் கேட்டு வாங்கினேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு. அதைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டிக் கொடுத்தவன் நீ, அதனால் கேட்கிறேன்.

மாமாவுக்கு வலது கை இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். கால்களைப் பற்றி கோர்ட்டிலேயே கேட்டிருப்பாய். இடது கையில் கட்டைவிரலும் இரண்டு விரலும் லேசாக அசைகின்றன. பயிற்சி கொடுக்க வருகிற அம்மா, "பந்தை அமுக்குங்கன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறார். பிடிச்ச கம்ப்யூட்டர் விளையாட்டு ஏதாவது இருந்தா, பொத்தான் வெச்ச கேம்பேடு விக்குதே, அதைக் கையில குடுங்க, விரல் தானா வேலை செய்யும்" என்றார். வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கத்துவீர்களே, அந்தக் கால்பந்து கேம்தான். சும்மா போட்டால் ஓடுகிறது. கேம்பேடைச் செருகியதும் திரை கறுத்து, கேம் மூடிக்கொள்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டு அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்காரர் பெட்டியைத் தூக்கி வரச் சொல்கிறார். இவரைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே போக? உனக்கு எழுதுவது இவருக்குத் தெரியாது.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்கவே பயமாக இருந்தது. இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். "கேம்பேடுன்னா என்னடா, ரகசிய பாஷையா?" என்று வார்டர் கேட்டார். விளக்கினேன்.

கீபோர்டு, மவுஸ் தவிர பெட்டியில் செருகியிருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கிவிடு. கேம்பேடை முன்பக்கத்தில் செருகாமல் பின்பக்கத்தில் செருகு. கேமைத் திறந்துவிட்டுச் செருகிப் பார், செருகிவிட்டுத் திறந்தும் பார். அதே கேம்பேடோடு வேறு ஏதாவது கேம் ஓடுகிறதா? நடப்பதை அப்படியே எழுது.

மாமா சாப்பிடுகிறாரா? அன்றைக்குக் குடித்துவிட்டுக் காரை ஓட்டியது நான்தான். "சாவியைக் குடுடா, நான் ஓட்டறேன்" என்று அவர் இரண்டு தடவை கேட்டார், அக்கா. இரண்டு தடவை.

உன் தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

சாவிக் கதையை எனக்கு எழுதாதே. அதை அவர் வாயாலேயே தினமும் கேட்கிறேன். மெஷினைப் பற்றி மட்டும் எழுது.

திறந்துவிட்டுச் செருகினால் பழையபடி மூடிக்கொள்கிறது. செருகிவிட்டுத் திறந்தால் திறக்கவே மாட்டேன் என்கிறது. பின்பக்கமும் அதே கதைதான். கட்டை அடுக்குகிற கேம் ஒன்று மட்டும் நன்றாக ஓடியது. "குழந்தைங்க ஆடறதையா எனக்குக் குடுக்கறே?" என்று தள்ளிவிட்டார்.

ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறார். பிறகு பல்லைக் கடித்துக்கொள்வார். நேற்று, ஒயரைச் செருகாத கேம்பேடை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போர்வையால் மூடிக்கொண்டார்.

அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மெஷின் மட்டும். சரி.

வேறு கேம் ஓடுவதால் கேம்பேடில் குறை இல்லை. எங்களிடம் இருந்த பழைய கேம்பேடின் பொத்தான் விவரங்களைக் கேம் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கும். புதியதைச் செருகியதும் அதைப் படித்துக் குழம்பி விழுகிறது என்று நினைக்கிறேன். டாக்குமெண்ட்ஸில் கேமின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'கன்ட்ரோல்ஸ்' என்று ஒரு ஃபைல். அதை அழிக்காதே. பெயரோடு 'பழசு' என்று சேர்த்துவிடு, போதும். அதைக் காணாமல் கேம் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும்.

அப்புறம் ஆப்ஷன்ஸுக்குப் போய், உதைப்பது, பந்தைத் தள்ளுவது எல்லாவற்றையும் இடது பக்கப் பொத்தான்களுக்கே மாற்றிவிடு. சோப்புக் கட்டியை இடது கையில் பிடித்து எந்த விரல் எதை எட்டுகிறது என்று பார்த்தேன். படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தம்பி

மே 2

தம்பிக்கு,

ஓடுகிறது.

முதல் நாள் ஏழு கோல் வாங்கினார். விரல் வலிக்க வலிக்க விடாமல் ஆடினார். மறுநாள், "யார் சொல்லிக் குடுத்தா?" என்றார். கடைக்காரர் என்றேன். "நீ ஃபைல் பேரை மாத்தறப்போ பாத்துட்டுதானே இருந்தேன். கடைக்காரன்னா அழிச்சிடுன்னு சொல்லுவான். பழசுன்னு போட்டு வெக்கிறவன் ஒருத்தன்தான்" என்றார். கேம்பேடைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. "அடுத்த ஆட்டத்தைப் போடு" என்றார்.

மூன்று வாரமாக தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிறார். ஸ்பூனை இப்போது அவரே பிடிக்கிறார்.

இன்னொரு விஷயம். உன்னை முன்கூட்டியே விடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு ஒரு தாள் வந்தது. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். "பேனாவைக் குடு" என்றார். காலையில் உட்கார்ந்தவர் முடிக்கும்போது மதியமாகிவிட்டது. விடக்கூடாது என்றுதான் எழுதினார். உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் தடுக்கவும் இல்லை. தாள் நகராமல் பிடித்துக்கொண்டேன். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

உன் அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று என்னைக் கூப்பிட்டு, இன்னும் நாலு வருஷம் என்று சொன்னார்கள். அந்தத் தாளையும் காட்டினார்கள். "சின்னப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கே, யாருய்யா இது?" என்றார் அதிகாரி. வாங்கிப் படித்தேன். வரிகள் கோணலாக இறங்கியிருந்தன. 'கூடாது' என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. ஆனால் ஓர் எழுத்துகூடப் புரியாமல் இல்லை. "நல்லா எழுதியிருக்கார் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நீ தாளைப் பிடித்துக்கொண்டது சரிதான், அக்கா.

தினமும் இரண்டு மணி நேரம் ஆடினால் ஐந்தாறு மாதத்தில் கேம்பேடின் குச்சி தானாகவே ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். பயப்படாதே. ஆப்ஷன்ஸில் 'டெட் ஸோன்' என்று இருக்கும், குச்சியின் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாமல் விடுகிற அளவு, அதைக் கொஞ்சம் கூட்டி வை. அதற்கும் சரியாகாவிட்டால் புதிது வாங்கிவிடு. வாங்கியதும் மறக்காமல் 'கன்ட்ரோல்ஸ்' ஃபைலின் பெயரை மாற்று.

இதற்காக எனக்கு எழுத வேண்டியிருக்காது.

தம்பி