எடுக்காத எக்ஸ்ரே

செம்பூர்,
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள வேல்ராஜுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் வடிவும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தை மரியாதைக்கு எழுதியதாக நினைத்துத் தாண்டிப் போய்விடாதே. நான் உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன். மார்ச் மாதமும் நன்றாகத்தான் இருந்தேன். என் முழங்காலுக்கு ஒன்றும் வரவில்லை.

ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். உனக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம், பிறகு முப்பது வருஷம் அலுவலகத்தில் தீட்டிய ஆங்கிலம். அதில் எழுதினால் எனக்குப் பொய் மிக நன்றாக வருகிறது. தமிழில் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. நீ கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. மூன்றாம் மாடி நுஸ்ரத் இந்தத் தாள்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். படிக்காமல் அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "ஆன்ட்டி, நான் தமிழ்ல ஒரு பஸ் போர்டு படிக்கிறதுக்குள்ள பஸ்ஸே போயிடும், நீங்க பயப்படாதீங்க" என்று சிரித்தாள்.

போன செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நான் கிளம்பும்போது உன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தாய். நான் அமெரிக்காவில் இருந்த நாளெல்லாம் பச்சைக் கட்டம், இல்லாத நாளெல்லாம் வெள்ளைக் கட்டம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே மூச்சாக வெளியே இருந்தால் குடியுரிமைக்கான ஐந்து வருஷக் கணக்கு அறுந்துபோகும், மார்ச் இரண்டாம் தேதி விமானம், வந்ததும் மனு, குடியுரிமை கிடைத்துவிட்டால் அப்புறம் பம்பாயில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருந்துகொள் என்று எனக்குப் புரியும்படி சொன்னாய். அலுவலகத்தில் எனக்கு உன்னைப்போல் ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆகையால் எனக்குத் தெரியாமல் நடந்த பிசகு இது இல்லை.

இங்கே வந்த இரண்டாவது வாரம் நம் குடியிருப்பு சொசைட்டி செயலாளர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக ஒரு பில்டர் கொடுத்த ஒப்பந்த வரைவு. "மேடம், உங்களுக்கு இங்கிலீஷ் சுத்தம், ஒருவாட்டி கண்ண ஓட்டுங்க" என்றார். நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். நாற்பத்தொரு தப்பு இருந்தது. பால்கனியையும் சேர்த்து அறையின் அளவாகக் காட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மூன்று வருஷத்தில் கட்டி முடிப்போம், இன்னொரு பக்கத்தில் நான்கு வருஷத்தில். இதை முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் யாராவது கதவைத் தட்டினார்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாளில்கூட நான் ஐந்து மாடி ஏறி இறங்கினேன். உன் அப்பா போன பிறகு என்னை ஒருவரும் இப்படித் தேடி வந்ததில்லை. எல்லோரிடமும் ஒன்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்: என் மகன் அங்கே ஒரு நாள்கூட என்னை விட்டு இருக்க மாட்டேன் என்கிறான், மார்ச்சில் போயே ஆக வேண்டும்.

மார்ச் ஒன்பதாம் தேதி பொதுக்கூட்டம். அதற்காகத்தான் இரண்டாம் தேதி டிக்கெட்டை மாற்றச் சொன்னேன். பல் வைத்தியம் என்று உன்னிடம் சொன்னேன். நீ பத்தாம் தேதிக்கு மாற்றிக் கொடுத்தாய். "பதினொண்ணு கடைசி, அம்மா. அதுக்கு மேல முடியாது" என்றாய். கூட்டத்தில் பில்டரோடு பேசுவதற்கு ஐந்து பேர் கமிட்டி போட்டார்கள். முதல் பெயராக என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். எழுபத்தாறு வயதில் கைதட்டலுக்கு மயங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அவர்களை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டேன். மறுநாள் காலை பெட்டி வாசலில் இருந்தது. உனக்குப் போன் செய்து, முழங்கால் வீங்கிவிட்டது, இரண்டு வாரமாகவே இருந்தது, நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை என்றேன். "பரவால்லம்மா, கால்தான் முக்கியம்" என்றாய். நீ கோபப்பட்டிருந்தால் அன்று மாலையே நான் கிளம்பியிருப்பேனோ என்னவோ. என் குற்றத்தை உன் பக்கம் தள்ளுவதாக நினைக்காதே. அந்த ஒரு வாக்கியம் இரண்டு மாதமாக என் காதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி.

டாக்டர் கடிதம் ஒன்று இருந்தால் கணக்கு அறுந்ததை வக்கீலால் சமாளிக்க முடியும் என்று ஏப்ரலில் சொன்னாய். நான் யாரிடம் போனேன் தெரியுமா? ஸ்டேஷன் பக்கம் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் ஷாலினியிடம். ஒரு தடவை இருமலுக்குப் போனபோது அந்தப் பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா உங்க ஆபீஸ்லதான் இருந்தாங்க, சொரிமுத்துன்னு" என்று எழுந்து நின்றாள். சொரிமுத்துவை எனக்கு ஞாபகம் இருந்தது.

டிராம்பே தொழிற்சாலையில் விடுப்புப் பிரிவில் எனக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். பொய் மெடிக்கல் சர்டிபிகேட் என் மேஜையைத் தாண்டாது. சொரிமுத்து தாராவியிலிருந்து வரும் ஹெல்பர். தொண்ணூற்று நான்கில் ஊருக்குப் போனவன் முப்பது நாள் விடுப்பு முடிந்து இருபத்திரண்டு நாள் கழித்து வந்தான். மஞ்சள்காமாலை என்று சங்கரன்கோவில் டாக்டர் சீட்டு. அதில் இருந்த தேதி ஆடித்தபசுத் திருவிழா நாள். அன்றைக்கு அந்த ஊரில் எந்த டாக்டர் கிளினிக் திறந்திருப்பார்? சீட்டைத் திருப்பி அனுப்பினேன். சர்வீஸில் முறிவு, இன்கிரிமென்ட் போயிற்று, பின்னால் வர வேண்டிய பிரமோஷனும் போயிற்று. மேலதிகாரி என்னைப் பாராட்டினார். நானும் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். உன் அப்பா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "அவன் ஏன் லேட்டா வந்தான்?" என்று கேட்டார். அது என் பிரிவின் வேலை இல்லை என்றேன்.

அந்த சொரிமுத்துவின் மகளிடம்தான் நான் பொய்ச் சீட்டு கேட்டேன். அவளுக்குப் பழைய கதை தெரியாது என்ற தைரியம். வாசகத்தை நானே சொல்ல, அவள் எழுதினாள். முதல் பரிசோதனை பிப்ரவரி இருபத்தாறு என்று அவள் போட்டாள். அன்றைக்கு சிவராத்திரி விடுமுறை, இருபத்தைந்து என்று போடு என்றேன். பார்த்தாயா, எதை வைத்து அவனைப் பிடித்தேனோ அதில் நான் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். "பழைய தேதி வேண்டாமே ஆன்ட்டி" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "உங்க அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும்மா" என்றேன். அதில் என்ன அதட்டல் இருந்தது என்று நான் உனக்கு விளக்க வேண்டாம். அவள் கையெழுத்துப் போட்டாள். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். என் காலத்தில் சீட்டில் எக்ஸ்ரே என்று இருந்தால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டேன். உன் வக்கீல் என்னைவிடக் கெட்டிக்காரர். எக்ஸ்ரே படத்தையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அனுப்பச் சொல்லி அவளுக்கே மெயில் போட்டுவிட்டார்.

நேற்றுக் காலை கதவைத் திறந்தால் சொரிமுத்து. தலை முழுக்க வெளுத்துவிட்டது. உள்ளே வந்தான், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், பாப்பா மூணு நாளா சரியா சாப்பிடல. அமெரிக்காலேந்து மெயில் வந்திருக்காம், எக்ஸ்ரே கேக்காங்களாம். எடுக்காத எக்ஸ்ரேய எங்கன போயி தேடுவா?" என்றான். "வாட்ச்மேன் சொல்லுதான், மேடத்துக்கு நம்மள விட நல்ல காலு, லிப்ட் இல்லன்னாலும் விறுவிறுன்னு ஏறிருவாகன்னு" என்றான். அதைக் குத்தலாகச் சொன்னானா, வேடிக்கையாகச் சொன்னானா என்று தெரியவில்லை. அப்புறம் அவனே, "ஒங்களத் திட்ட வரல மேடம். அன்னிக்கி நீங்க என் சீட்ட திருப்புனது ரூல்படி சரிதான். பொய்ச் சீட்டுதான அது" என்றான்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மகளிடம்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். அவள் என்னை மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பதற்காகவாம்.

முப்பத்தொரு வருஷம் கழித்து அவனிடம் கேட்டேன், அந்த இருபத்திரண்டு நாள் ஏன் இருந்தாய் என்று. "இவதான் மேடம். ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. உள்ளங்கை அளவுக்கு இருந்தா, பஞ்சுல சுத்தி வச்சிருந்தோம். இன்னிக்கிப் போயிரும் நாளைக்கிப் போயிரும்னாங்க. விட்டுட்டு ரயிலேற மனசு வரல" என்றான். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலியே மேடம். சீட்டு எங்க, தேதி என்ன, அத மட்டுந்தான கேட்டீங்க?"

அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகுதான் கவனித்தேன், அவனை நான் உட்காரச் சொல்லவே இல்லை. பழைய வழக்கம்.

வேலு, அந்தக் கடிதம் இன்னும் வக்கீலிடம்தான் இருக்கிறது, அரசாங்கத்தின் கைக்குப் போகவில்லை என்று நீ போன வாரம் சொன்னாய். அது போகக்கூடாது. நீ அதன் மேல் ஒரு கையெழுத்தும் போடாதே. டாக்டர் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம், அதில் உள்ள விவரங்கள் நான் சொல்லி எழுதியவை, பயணம் செய்ய எனக்கு உடல் தடை இருக்கவில்லை என்று வக்கீலுக்கு மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை உண்மையான ஆங்கிலம். உனக்குத் தெரியும் முன் அவருக்குத் தெரியக்கூடாது என்று நிறுத்தியிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு அனுப்பிவிடுவேன். ஷாலினியை இனி யாரும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. அதை மட்டும் நீ பார்த்துக்கொள்.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கணக்கு அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மறுபடி முதலிலிருந்து; ஒரு தடவை அறுந்தவர்களுக்கு நான்கு வருஷத்துக்கு மேல் என்று விதி. எனக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். நீ ஐந்து வருஷம் கட்டம் கட்டமாகப் பச்சை அடித்ததை நான் ஒரு கைதட்டலுக்காக அழித்துவிட்டேன். வடிவிடம் நீயே சொல்லிவிடு. அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. மசாலா டப்பாக்களை நான் பெயர் ஒட்டி அடுக்கியபோது அந்தப் பெண் தாங்க்ஸ் சொல்லிவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் பழையபடி மாற்றி வைத்தாள். உன் வீட்டில் ஒருவரும் ஒரு தப்பும் செய்வதில்லை. எனக்கு அங்கே பென்சிலுக்கு வேலையே இல்லை.

நீ மறுபடி எடுத்துக் கொடுத்த, இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி டிக்கெட் அப்படியே இருக்கிறது. பெட்டி அடுக்கியாகிவிட்டது, இன்னும் மூடவில்லை. இனி வந்து என்ன பயன் என்று நீ நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. கமிட்டியில் நாளைக்கே என் பெயரை எடுக்கச் சொல்லப் போகிறேன். என் வீட்டுத் தாளில் இத்தனை தப்பு இருக்கும்போது இன்னொருவர் தாளைத் திருத்த எனக்கு என்ன யோக்கியதை?

கமிட்டிக்காக இருந்தேன் என்று மேலே எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் தாளில் எழுத முடிகிற காரணம் அது. எழுத வராத ஒன்று இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் நீ போன் செய்வாய். செய். ஆனால் எப்போது வருகிறாய், எத்தனை நாள் ஆயிற்று என்று தேதி எதுவும் கேட்காதே, கண்ணா. ஏன் இருந்தாய் அம்மா என்று ஒரு தடவை கேள். நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. உனக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தாலும் கேள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

குழந்தைக்கு என் முத்தம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. என்னால் வந்த குறையைக் கடவுள் என் கணக்கிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
செண்பகவல்லி பிரம்மநாயகம்