நிலவறைச் சுவரும் என் வீட்டுக்காரரும்

மார்ச் 3
தையல் கடையை அடைத்துவிட்டு வந்தால், மாமனார் வாசலிலேயே நிற்கிறார். பதினெட்டாம் தேதி பாரம்பரியக் குழு எங்கள் நிலவறையைப் பார்க்க வருகிறதாம்! போர்க் காலத்தில் மாமாவும் நான்கு தோழர்களும் ஒளிந்திருந்து, ஊரைப் பிடித்த படைக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்த இடம். கிளம்பிய அன்று ஐவரும் மெழுகுவர்த்திப் புகையால் சுவரில் பட்டப்பெயர்களை எழுதிவிட்டுப் போனார்கள். மாமா 'குருவி'. மற்ற நால்வரும் திரும்பவில்லை. குழு ஒத்துக்கொண்டால் நினைவிடம். இல்லையென்றால் நகராட்சி வீட்டை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடும்.

மார்ச் 4
மாமா இன்று இரண்டு தடவை ஷேவ் செய்துகொண்டார். குழு வர இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது.

மார்ச் 9
ஐயோ, என்னத்தைச் சொல்ல! என் வீட்டுக்காரர் — பெயின்டர் புத்தி — தலையெல்லாம் சுண்ணாம்போடு நிலவறையிலிருந்து ஏறி வருகிறார். முகமெல்லாம் பல்.
"பெரிய மனுஷங்க வர்றாங்கல்ல? பளிச்சுனு ஆக்கிட்டேன்."
"அடப்பாவி மனுஷா, பேரு?"
"அது எதிர்ச்சுவர்லதானே இருக்கு?"
இல்லை.
மாமா கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பட்டாளமே வந்து தேடியும் அந்தச் சுவரை ஒண்ணும் பண்ண முடியல. எம்புள்ள ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாப்பிட வரவில்லை.

மார்ச் 10
சுரண்டலாமா? கரியும் சேர்ந்து வந்துவிடுமே! இந்த மனுஷனை என்ன செய்ய?

மார்ச் 15
கீழே ஒரே கூச்சல். ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். வெள்ளைச் சுவரில் பழுப்பாக எழுத்து ஊறி வந்திருக்கிறது! புகைக்கரி சுண்ணாம்புக்கு அடங்காதாம். அதற்காகவே இவர் வேலை செய்த வீடுகளில் வாங்காத திட்டு இல்லையாம். இன்று அதே கரிக்காகக் குதிக்கிறார், இந்தத் தொப்பையோடு. பழைய அழுக்குச் சுவரில்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 18
குழுத் தலைவி அம்மா சுவரை விட்டு நகரவேயில்லை. இவர் உண்மையை உளறிக் கொட்டினார். அந்தம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "இடிக்க விடமாட்டோம். ஆனா உங்க பிரஷ் இந்தப் படி இறங்கக்கூடாது" என்றார்.

ஜூன் 2
நினைவிடம் திறந்தாயிற்று! படி கொள்ளாத கூட்டம். மாமா எல்லோரிடமும், "பட்டாளத்தாலயும் முடியல, எம்புள்ளையாலயும் முடியல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான்கு தோழர்களுக்கும் அவரே கையைத் தூக்கி, "இருக்கேன்" என்றார். 'குருவி' வந்தபோது கை மட்டும்தான் எழுந்தது.
"இருக்காரு" என்றார் என் வீட்டுக்காரர்.