கேள்விக்குறியை எடுக்க மாட்டேன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

உன் கடிதம் வந்தது. அச்சுக்குப் போகுமுன் உனக்கு அனுப்பிய என் கவிதைத் தொகுப்பிலிருந்து ‘எங்க வீடு?’ கவிதையை எடுத்துவிடச் சொல்கிறாய். முடியாவிட்டால் தலைப்பின் கேள்விக்குறியையாவது எடு, வீட்டைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாள் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்கிறாய். அச்சகத்தில் பதினோரு வருடமாகப் பிழை திருத்துகிறவளுக்கே பாடமா?

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் எட்டு வயது வரை நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். திரும்பி வந்த அன்று நீதான் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினாய். “இது எங்க ரூம், இது எங்க மேசை. எங்க அம்மாவுக்குச் சத்தம் போட்டா பிடிக்காது.” நீ பத்து வயதுப் பையன், உன்மேல் தப்பில்லை. ஆனால் அதை ‘நம்ம’ என்று இந்த முப்பது வருடத்தில் ஒருவரும் திருத்தவில்லையே.

அம்மாவுக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் அண்ணிதான் கவிதையை வாசித்துக் காட்டினாராம். கேட்டுவிட்டு, “எங்க குறை வெச்சோம் இவளுக்கு?” என்றாளாம் அம்மா. ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குச் சோறு, நல்ல துணி, படிப்பு, எல்லாம் கொடுத்தீர்கள். விருந்தாளிக்கு யாராவது குறை வைப்பார்களா?

ஆமாம், கோபத்தில்தான் எழுதினேன். வெளியாளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பார். ‘எங்கள் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்காதே’ என்று கூடப் பிறந்தவளுக்கு எழுதியிருக்கிறாய். பென்சிலால் அந்த ‘எங்கள்’ஐ வட்டமிட்டேன். அடித்துவிட்டு ‘நம்’ என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. அது நீ திருத்த வேண்டிய பிழை.

கவிதை வரும், கேள்விக்குறியோடு வரும். முதல் பிரதி அம்மாவுக்குத்தான். இப்போது கண் தெளிந்துவிட்டதே, அவளே படிக்கட்டும். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் உன்னைவிட்டு எழுதச் சொல்ல வேண்டாம். “வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு” என்று அவள் வாயால் கூப்பிடட்டும். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கை