வெள்ளிக்கிழமை நான் போகவில்லை

மன்னார்
பெப்ரவரி 11

அன்புள்ள மகள் ஷரோமிக்கு,

ஆண்டவருடைய காவலில் அப்பா சுகம், வீடு வாசல் சுகம். நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறோம். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் என்னையும் அதில் சேர்த்தால் பொய்யாகிவிடும். போனில் அந்தப் பொய்யை உனக்கு இரண்டு மாதமாகச் சொல்லி வந்திருக்கிறேன். றொட்னி மாமா சனிக்கிழமை லண்டன் வருகிறார், பனை ஒடியல் மாவும் கொஞ்சம் கருவாடும் அவரிடம் குடுத்து விடுகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். போனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு ஏலாது.

வங்காலையில் அந்தோனிமுத்து சித்தப்பாவின் கூரை கார்த்திகை மழையில் போனது, இப்போது திருத்திவிட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் கடலுக்குப் போவதை விடவில்லை. போன மாதம் கொடியில் காயப்போட்டிருந்த என்னுடைய வெள்ளை யூனிபோமின் கையை ஒரு கழுதை சப்பித் துப்பிவிட்டது, அப்பா அந்த முழங்காலோடு அதைச் சந்தி மட்டும் துரத்திக்கொண்டு ஓடினார், அயலட்டை எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த யூனிபோம் இனி எனக்கு எதற்கு என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது நான் வேலைக்குப் போகாமல் ஐந்து கிழமை ஆகியிருந்தது, பிள்ளை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் எடுத்து, ஆஸ்பத்திரி வார்டுக்குப் போக மனம் வரவில்லை, லீவு எழுதிக் குடுத்துவிட்டேன் என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். இந்த வேலைக்காக எத்தனை பேர் ஏங்குகிறார்கள், உனக்குத் திமிர் என்று பத்து நிமிடம் ஏசினேன். நீ போனை வைத்துவிட்டாய். சுகயீன லீவில் வீட்டில் கிடந்துகொண்டு, முன்கூட்டி ஓய்வு பெறும் விண்ணப்பத்தை நிரப்பி அலுமாரிக்குள் வைத்துக்கொண்டுதான் உன்னை அப்படி ஏசினேன். அதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், மருத்துவிச்சியாக நான் வீடு வீடாகப் பார்க்கும் பகுதியில் தர்ஷிகா என்று ஒரு பிள்ளை, உன்னை விட இரண்டு வயது குறைவு. இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து இங்கே வந்து குடியேறினவள். முதல் பிள்ளை வயிற்றில். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன், கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, பிறஷரும் கொஞ்சம் கூடியிருந்தது. வியாழக்கிழமை கிளினிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை நானும் ஒருக்கா வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை பெரிய மழை, அந்தப் பக்கத்துக்கு பஸ் ஓடவில்லை, அவள் கிளினிக்குக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவளுடைய வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் நான் ஸ்கூட்டியை நிற்பாட்டினேன். பத்து நிமிட ஓட்டம்தான். அடுத்த பகுதிக்கு ஒரு வருடமாக ஆள் போடாததால் அதையும் நான்தான் பார்க்கிறேன், அன்று விடிய ஆறு மணியிலிருந்து ஓடியிருந்தேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அவள் தப்பினாள். பிள்ளை தப்பவில்லை. ஆண் பிள்ளை.

விசாரணை வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தது, பிறஷர் அளந்தது, கிளினிக்குக்கு வரச் சொன்னது எல்லாம் என் புத்தகத்தில் சரியாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் எழுதவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. உங்களில் பிழையில்லை, தாய்தான் கிளினிக்குக்கு வரவில்லை என்று முடித்தார்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னார், பங்குச் சுவாமியும் அதைத்தான் சொன்னார். பிறகு எந்த வீட்டுப் படலைக்கு முன்னால் போய் நின்றாலும் கூப்பிட வாய் வராது. ஒருநாள் ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கு முன்னால் கால் மணித்தியாலம் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்தேன். அடுத்த நாள் லீவு எழுதினேன். இருபத்தாறு வருடமாகச் செய்த வேலை, மகள். அதில் எனக்குப் பிடித்தது என்ன என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மூன்று கிழமைக்கு முன் நிஸ்லா வீட்டுக்கு வந்தாள், என்னோடு வேலை செய்கிறவள், நான் லீவில் நின்றபோது என் பகுதியை அவள்தான் பார்த்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு, தர்ஷிகா டொக்டர் குடுத்த பிறஷர் குளிசையைப் போடுறாள் இல்லை அக்கா, நான் போனால் கதவைத் திறக்கிறாளும் இல்லை, ஜன்னலுக்குள்ளால நிண்டு அந்த மிஸ் ஏன் வரேல்லை எண்டு மட்டும் கேட்டவள், உங்களைத்தான், என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், யூனிபோம் போடாமல், ஒரு சாதாரண சீலையைக் கட்டிக்கொண்டு போனேன். அப்பா ஸ்கூட்டிக்கு பெற்றோல் அடித்து வந்து வாசலில் விட்டார்.

தர்ஷிகா கதவைத் திறந்தாள். புருஷன் சுஜீவன் மேசன் வேலைக்குப் போயிருந்தான். இருங்கோ என்று கதிரையைக் காட்டினாள், தான் நிலத்தில் இருந்தாள். வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொன்னனீங்கள், நான் பொழுதுபடும் மட்டும் படலையைப் பாத்துக்கொண்டு இருந்தனான், என்றாள். வேலை அதிகம், மழை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. சந்தி மட்டும் வந்தனான் பிள்ளை, களைப்பா இருந்தது, வீட்டை போயிட்டன், வந்திருக்க வேணும், என்றேன். ஏசுவாள், அழுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று இருந்தேன். அவள் மெதுவாக, உங்களில பிழையில்லை எண்டு எல்லாரும் வந்து சொல்லிப்போட்டுப் போயிட்டினம், அப்ப என்னிலதான் பிழை எண்டு நான் நினைச்சுக்கொண்டு கிடக்கிறன், என்றாள்.

ஷரோமி, அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. என்னைக் காப்பாற்ற என்று எல்லாரும் சொன்ன சொல் முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் போய் விழுந்திருக்கிறது. நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். உன்னில பிழையில்லை அம்மா, பஸ் இல்லாத நாளில நீ எப்பிடி வருவாய் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என்னை மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன், அப்படி ஒன்றும் அவள் சொல்லவில்லை. ஆனால் வெளிக்கிடும்போது கையை நீட்டி, பிறஷர் பாருங்கோ, என்றாள். நான் ஒன்றும் கொண்டு போகவில்லை. அடுத்த நாள் காலை யூனிபோமைப் போட்டுக்கொண்டு, கழுதை சப்பின கையைத் தைத்துத்தான், பெட்டியோடு போனேன். பிறஷர் நல்லாகக் கூடியிருந்தது. என் கையாலேயே குளிசை குடுத்து, டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது இரண்டு கிழமையாக வேலைக்குப் போகிறேன். எங்கள் பெரிய டொக்டரிடம் போய் வெள்ளிக்கிழமைக் கதையையும் சொல்லி, எழுத்திலும் குடுத்தேன். அடுத்த பகுதிக்கு ஆள் போடாமல் இனி ஒருவரும் இரண்டு பகுதி பார்க்க ஏலாது என்றும் அதில் எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, இது உங்களுக்குத்தான் பிரச்சினையாகும் மிஸ், யோசிச்சுத்தான் குடுக்கிறீங்களோ, என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன வருமோ தெரியாது, மேலே அனுப்பியிருக்கிறார், பதில் இல்லை. சில காலைகளில் இன்னும் படலையடியில் கொஞ்சம் நிற்க வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் நேற்று ஒரு வீட்டில் நிறை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தராசில் வைத்தபோது, இருநூறு கிராம் கூடியிருக்குமா என்று பார்க்க எனக்கு ஆவலாக இருந்தது. நூற்றெழுபது கூடியிருந்தது. வீடு வரும் மட்டும் அந்த மீதி முப்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்து எத்தனை மாதம்.

உன்னை வேலைக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், விடு என்றும் சொல்ல மாட்டேன். அங்கே உனக்கு என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு ஏலுமான நேரம் எழுது, அல்லது சொல்லு. உன்னில் பிழையில்லை என்று அவசரப்பட்டு உன் வாயை அடைக்க மாட்டேன், முழுவதையும் கேட்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தனிய அறைக்குள் கிடக்காதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காவது வெளியே போ. ஒடியல் மாவைக் காற்றுப் போகாமல் மூடி வை, அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் அப்பா றொபேட் தன்னுடைய முத்தத்தையும் எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார். கடிதம் கிடைத்ததும் நேரம் பார்க்காமல் போன் எடு, நான் வேலையில் இருந்தாலும் ஸ்கூட்டியை ஓரமாக விட்டுவிட்டுக் கதைப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஜெனிற்றா